இற்செறிப்பும் ஒரு பொன்னாடையும்

தமிழ்த்துறையில் வேலை பார்ப்பவர்களுக்குப் பணி விதிகளில் எழுதப்படாத ஒரு வேலை உண்டு. வளாகத்தில் எந்தத் துறை விழா எடுத்தாலும் பாராட்டு மடல் எழுதுவதும், மேடையில் நின்று தொகுத்து வழங்குவதும் நாங்கள்தான். அதிலும் பெண் என்றால் இரண்டும் சேர்ந்தே வரும். இயற்பியல்காரர்கள் பாராட்டு மடலில் தங்கள் சமன்பாட்டைப் பிழையாக எழுதிவிடுவோமோ என்று பயப்படுவார்கள். உடற்கல்வித் துறையினருக்கு அந்தக் கவலை இல்லை. பட்டியலைக் கையில் கொடுத்து, “மேடம், உங்களுக்குத் தெரியாததா” என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

அப்படி என் கைக்கு வந்த பட்டியல்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. ‘சாதனை முன்னாள் மாணவர்’ என்று ஆண்டுதோறும் உடற்கல்வித் துறை தன் பழைய மாணவர்களை அழைத்துச் சிறப்பிக்கிறது. நல்ல வழக்கம்தான். பாடம் சொல்லிக்கொடுத்த இடம் இருபது முப்பது ஆண்டுகள் கழித்து ஒருவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்துவது சிறிய விஷயம் அல்ல. அதனால்தான் அந்தப் பொன்னாடை யார் தோளில் விழுகிறது, யார் தோளைத் தாண்டிப் போகிறது என்பதைப் பேச வேண்டியிருக்கிறது.

ஓர் ஆண்டுப் பட்டியலில் இருந்த ஒரே பெண், அந்தக் காலத்தில் மும்முறைத் தாண்டுதலில் பல்கலைக்கழகத்துக்காகப் பதக்கம் வென்றவர். ஆண்களுக்கான குறிப்புகளில் முதல் வரி அவர்கள் வகிக்கும் பதவி: இயக்குநர், ஆணையர், சங்கத் துணைத்தலைவர், கல்லூரித் தாளாளர். அவருக்கான குறிப்பின் முதல் வரி ‘இல்லத்தரசி’. இரண்டாவது வரி, ‘இரு பிள்ளைகளும் மருத்துவர்கள்’. தாண்டிய தூரம் எங்கும் இல்லை. விழாப் பொறுப்பாளர் தொலைபேசியில் அழைத்து, “பிள்ளைங்க டாக்டர்ங்கிறத கொஞ்சம் நல்லா எழுதிடுங்க மேடம், அதுதான் ஹைலைட்டு” என்றார். நான் தூரத்தைத் தேடி வாங்கி, மீட்டர் சென்டிமீட்டர் கணக்கோடு எழுதிக் கொடுத்தேன். அச்சாகி வந்த மடலில் சென்டிமீட்டர்கள் போய்விட்டன. டாக்டர்கள் இருந்தார்கள்.

இதைத் தனி ஒருவரின் ரசனைக் குறைவு என்று தள்ளிவிட முடியாது. கோளாறு படிவத்திலேயே இருக்கிறது. பரிந்துரைப் படிவத்தில் பெயருக்கு அடுத்த கட்டம் ‘தற்போதைய பதவி’. அதற்கடுத்து ‘நிறுவனம்’. விளையாட்டில் செய்த சாதனைக்கான கட்டம் அதற்கும் கீழே வருகிறது. ஓடியதற்கும் தாண்டியதற்கும் எறிந்ததற்கும் மரியாதை செய்யும் துறை, முதலில் கேட்பது நாற்காலியை. நாற்காலி ஓட்டத்தால் கிடைத்ததா, ஓடாத பிறகு கிடைத்ததா, மாமனார் வழியில் கிடைத்ததா என்றெல்லாம் படிவம் கேட்பதில்லை. ஓடி முடித்ததும் நாற்காலி கிடைக்காமல் போனவர்கள் யார் என்றும் கேட்பதில்லை.

கிடைக்காமல் போனவர்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டுக் கல்லூரிகளின் பெண்கள் அணிகள் எப்படி உருவாகின்றன என்பது வளாகத்துக்குள் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். கிராமத்து அரசுப் பள்ளியில் குறுவட்டப் போட்டி, வருவாய் மாவட்டப் போட்டி, மாநிலப் போட்டி என்று மேலே ஏறி வந்த பெண்ணைப் பிளஸ் டூ முடியும் முன்பே கல்லூரிகள் தேடிப் போகும். கட்டணம் இல்லை, விடுதிக் கட்டணமும் இல்லை, முட்டையும் சுண்டலும் சேர்த்துச் சாப்பாடு உண்டு, ‘ஸ்போர்ட்ஸ் கோட்டா’வில் இடம் உண்டு என்று சொல்லி அழைத்துவரும். வருகிறவர்களில் பெரும்பாலோர் தலித் வீடுகளிலிருந்தும், மீனவர் குப்பங்களிலிருந்தும், கூலிக்குப் போகும் பிற்படுத்தப்பட்ட வீடுகளிலிருந்தும் வருகிறார்கள். கட்டணம் கட்டிப் படிக்கும் பெண்கள் கிரவுண்டுப் பக்கம் வெயில் படாமல் நடப்பார்கள். கோட்டாப் பெண்கள் விடியற்காலை ஐந்தரை மணிக்கு அங்கே ஓடிக்கொண்டிருப்பார்கள். மூன்று ஆண்டுகள் கல்லூரிக்கு ஓட்டுமொத்தக் கோப்பை வாங்கித் தருவார்கள். முதல்வர் அறையின் கண்ணாடி அலமாரியில் இருக்கும் கோப்பைகளில் பாதிக்கு மேல் இவர்கள் கொண்டுவந்தவை. படிப்பு முடிந்த மே மாதத்தில் விடுதி அறையைக் காலி செய்துவிட்டுப் போவார்கள். கோப்பை நிற்கிறது. கொண்டுவந்தவளின் முகவரி கல்லூரியில் இல்லை.

முகவரி இல்லை என்பதை நான் உவமையாகச் சொல்லவில்லை. முன்னாள் மாணவர் சங்கத்தின் பட்டியல் எப்படித் தயாராகிறது என்று பாருங்கள். வாட்ஸப் குழு இருக்கிறது. அதில் ஒருவர் இன்னொருவரைச் சேர்த்துவிடுகிறார். அந்த ஆண் இருக்கும் ஊர் மாறியிருந்தாலும் பெயர் மாறவில்லை. தலைப்பெழுத்து அப்பாவுடையதுதான், சாகும்வரை. பெண்ணுக்குத் திருமணமானால் ஊர் மாறும், தொலைபேசி எண் மாறும், தலைப்பெழுத்தும் மாறும். எம். செல்வி ஓடினாள். இன்று கே. செல்வி ரேஷன் கடையில் நிற்கிறாள். எம். செல்வியை எந்தக் குழுவிலும் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. தமிழ்நாட்டில் எத்தனை செல்விகள்! “பெண்களைத் தேடினோம் மேடம், கிடைக்கவில்லை” என்று விழாக் குழுவினர் சொல்வதை நான் நம்புகிறேன். எப்படித் தேடினார்கள் என்பதுதான் என் கேள்வி.

தமிழ் படித்தவள் என்பதால் ஓர் இடைப்பிறவரல். சங்க அகப்பாடல்களில் பெண்பிள்ளைகள் கூட்டமாக விளையாடும் விளையாட்டுக்கு ஓரை என்று பெயர். மணலில் பாவை செய்வது, நண்டு விரட்டுவது, அலையில் பாய்வது, பந்து, கழங்கு என்று அந்தப் பெண்கள் வெளியில்தான் இருக்கிறார்கள். உடம்பில் மாற்றம் தெரிந்ததும் தாய் வீட்டுக்குள் வைத்துவிடுவாள். அதற்கு இலக்கணம் வைத்த பெயர் இற்செறிப்பு. இல்லத்துக்குள் செறித்தல். நாங்கள் அதைக் களவொழுக்கத்தின் ஒரு கட்டமாக, தலைவனைச் சந்திக்க முடியாத தலைவியின் துயரமாகப் பாடம் நடத்துகிறோம். காதலனை இழந்த துயரம் உரையாசிரியர்களுக்குத் தெரிந்தது. விளையாட்டை இழந்த துயரத்துக்கு ஒருவரும் துறைப்பெயர் வைக்கவில்லை.

பிள்ளைத்தமிழுக்கு வந்தால் இன்னும் வெளிப்படை. ஆண்பால் பிள்ளைத்தமிழின் கடைசிப் பருவங்களில் ஒன்று சிற்றில் சிதைத்தல். பெண்பிள்ளைகள் கட்டிய மணல்வீட்டை ஆண்பிள்ளை காலால் கலைப்பது அவனுடைய வளர்ச்சிப் படிகளில் ஒன்று. அந்தப் பெண்கள் ‘கலைக்காதே’ என்று கெஞ்சுவது அதன் அழகு. பெண்பால் பிள்ளைத்தமிழில் அம்மானை உண்டு, ஊசல் உண்டு. ஆண்பிள்ளை கட்டியதைக் கலைக்கும் பருவம் எதுவும் கிடையாது.

விளையாடும் பெண்ணுக்கு நாம் வைத்திருக்கும் சொல்லையும் எடுத்துப் பாருங்கள்: வீராங்கனை. வடமொழியில் வீர, அங்கனா. அங்கம் என்ற சொல்லிலிருந்து வந்த அங்கனா, அழகிய உறுப்புகள் உடையவள் என்று பொருள்படும். ஆணை வீரர் என்றதோடு விட்டுவிட்டோம். பெண்ணை வீரர் என்று சொல்லும்போதும் அவள் உறுப்புகளின் மேல் ஒரு பார்வையை வைத்துவிட்டுத்தான் சொல்கிறோம். நான் எழுதும் மடல்களில் ‘வீரர்’ என்றே எழுதுகிறேன். ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் பிழை என்று நினைத்துத் திருத்திவிடுகிறார்.

அந்தப் பார்வை சொல்லோடு நின்றிருந்தால் போகட்டும் என்று விட்டுவிடலாம். புதுக்கோட்டை மாவட்டத்தின் கத்தக்குறிச்சியில் செங்கல் சூளைத் தொழிலாளர் வீட்டில் பிறந்த சாந்தி சௌந்தரராஜன், 2006 டிசம்பரில் தோஹா ஆசிய விளையாட்டுப் போட்டியில் 800 மீட்டர் ஓட்டத்தை 2 நிமிடம் 3.16 விநாடியில் முடித்து வெள்ளி வென்றார். அதற்கு முந்தைய ஆண்டு இஞ்சியோனில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியிலும் அதே தூரத்தில் வெள்ளி. தோஹாவில் ஓடி முடித்த பிறகு அவரைப் பரிசோதனைக்கு உட்படுத்தினார்கள். ஊக்கமருந்துப் பரிசோதனை அல்ல, பாலினப் பரிசோதனை. தோற்றார் என்று செய்தி ஊடகங்களுக்குக் கசிந்தது. பதக்கம் பறிக்கப்பட்டது. போட்டிகளில் ஓடக்கூடாது என்று தடை வந்தது. அவர் எதையும் உட்கொள்ளவில்லை, எவரையும் ஏமாற்றவில்லை. பிறந்த உடம்போடு ஓடினார். ஓடியது குற்றமில்லை, உடம்பு குற்றம் என்றார்கள்.

அன்றைய முதல்வர் கருணாநிதி, பதக்கம் போன பிறகும் அறிவித்தபடி 15 லட்சம் ரூபாயையும் ஒரு தொலைக்காட்சிப் பெட்டியையும் சாந்திக்குக் கொடுத்தார். இதைச் சொல்லாமல் விடுவது நியாயமல்ல. விளையாட்டு நிர்வாகங்கள் ஒரு பெண்ணைக் கைகழுவியபோது ஓர் அரசு கழுவவில்லை. ஆனாலும் 2012இல் அவர் தன் பெற்றோரைப் போலவே செங்கல் சூளையில் தினக்கூலிக்கு வேலை செய்கிறார் என்று நாளிதழ்கள் படம் போட்டன. அதன்பிறகு பயிற்சியாளர் படிப்பு முடித்து, தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் பயிற்சியாளராக ஆனார். வெள்ளிப் பதக்கம் மட்டும் இதுவரை அவரிடம் திரும்பி வரவில்லை.

பெண் உடம்பைச் சோதிக்கும் இந்த வழக்கத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1966இல் புடாபெஸ்டில் ஐரோப்பியப் போட்டிக்கு வந்த பெண்களை ஆடையில்லாமல் மருத்துவர்கள் முன் நடக்கவிட்டார்கள். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் குரோமோசோம் சோதனை வந்தது. 1985இல் ஜப்பானின் கோபே நகரில் நடந்த உலகப் பல்கலைக்கழக விளையாட்டுப் போட்டியில், ஸ்பெயினின் தடை ஓட்டக்காரர் மரியா ஹோசே மார்டினெஸ் பட்டினோ இந்தச் சோதனையில் தோற்றார். காயம் பட்டதாக நடித்து விலகிவிடு என்று ஆலோசனை சொன்னார்கள். அடுத்த ஆண்டு அவர் மீண்டும் ஓடியபோது செய்தி வெளியானது. உதவித்தொகை போனது, தங்கும் இடம் போனது, பதிவேடுகளிலிருந்து நேரங்கள் அழிக்கப்பட்டன, நிச்சயித்தவனும் போனான். அவர் விடாமல் போராடி 1988இல் தகுதியைத் திரும்பப் பெற்றார். பின்னர் படித்து, ஸ்பெயினின் வீகோ பல்கலைக்கழகத்தில் விளையாட்டுக் கல்வி கற்பிக்கும் பேராசிரியராகி, இதே சோதனைகளைப் பற்றி எழுதினார். நம்முடைய உடற்கல்வித் துறைகளில் விளையாட்டு உடலியல் ஒரு தாள். அதில் தசை நார்கள் உண்டு, ஆக்சிஜன் கொள்ளளவு உண்டு. பட்டினோவைப் பற்றி ஒரு பத்தி வைத்தால் என்ன? சாந்தியைப் பற்றி ஒரு பத்தி?

எல்லாம் பழைய கதை என்று நினைப்பவர்களுக்கு: 2014இல் ஒடிசாவின் டூட்டி சந்த் இதே காரணத்துக்காகக் காமன்வெல்த் அணியிலிருந்து நீக்கப்பட்டார். அடுத்த ஆண்டு சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றத்துக்குப் போய் அந்த விதியை நிறுத்திவைக்கும் தீர்ப்பை வாங்கினார். வேறு வடிவங்களில் விதி திரும்பியது. 2025 செப்டம்பர் 1 முதல் உலகத் தடகள அமைப்பு, உலகத் தரவரிசைப் போட்டிகளில் பெண்கள் பிரிவில் ஓட விரும்பும் ஒவ்வொருவரும் மரபணுச் சோதனை செய்துகொள்ள வேண்டும் என்று ஆக்கிவிட்டது. ஆண்கள் பிரிவில் ஓட எந்த ஆணும் தான் ஆண் என்று நிரூபிக்க வேண்டியதில்லை.

சாந்தியின் பெயரை ஒரு கூட்டத்தில் நான் முன்மொழிந்தேன். எங்கள் வளாகத்தில் படித்தவர் இல்லை என்றாலும் சிறப்பு விருந்தினராக அழைக்கலாமே என்றேன். மேசைக்கு அந்தப் பக்கம் சற்று நேரம் அமைதி. பிறகு ஒருவர், “சர்ச்சை வேண்டாமே” என்றார். அதே மேசையில், சங்கத் தேர்தல் தகராறில் நீதிமன்றப் படியேறியிருந்த ஒருவரின் பெயர் எந்தச் சர்ச்சையும் இல்லாமல் ஏற்கப்பட்டது.

சர்ச்சை என்று எதைச் சொல்கிறோம் என்பதை இன்னும் கொஞ்சம் தோண்ட வேண்டும். 2021 மே மாதம் சென்னையில் ஒரு தடகளப் பயிற்சியாளர் போக்சோ சட்டத்தில் கைது செய்யப்பட்டார். பல ஆண்டுகளாக அவரிடம் பயிற்சி பெற்ற பெண்கள் ஒருவர் பின் ஒருவராகப் பேச முன்வந்தார்கள். ஒரு பெண் வாயைத் திறக்கும்வரை அப்படிப்பட்டவருக்கு எத்தனை மேடைகள், எத்தனை மாலைகள் கிடைத்திருக்கும் என்று ஒவ்வொரு துறையும் தன்னையே கேட்டுக்கொள்ளலாம். பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான சட்டம் 2013இல் வந்தது. ஒவ்வொரு கல்வி நிறுவனத்திலும் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். விருதுப் படிவத்தில், பரிந்துரைக்கப்படுபவர் மீது அத்தகைய புகார் ஏதேனும் உண்டா என்று கேட்கும் கட்டம் இல்லை. ஒரு கட்டம் சேர்ப்பதற்கு என்ன செலவு?

2023இல் நாடே பார்த்தது. மல்யுத்தக் கூட்டமைப்பின் அன்றைய தலைவர் மீது பாலியல் புகார் சொல்லி, உலகப் பதக்கம் வென்ற பெண்கள் ஜந்தர் மந்தர் நடைபாதையில் உட்கார்ந்தார்கள். மே 28 அன்று, புதிய நாடாளுமன்றக் கட்டடம் திறக்கப்பட்ட அதே நாளில், அவர்களைக் காவல்துறை தரையில் இழுத்துக்கொண்டு போனது. டிசம்பரில் அந்தத் தலைவரின் ஆளே தேர்தலில் வென்றபோது, ரியோ ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற சாக்ஷி மாலிக் தன் காலணிகளைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு மல்யுத்தத்தை விட்டு விலகினார். வினேஷ் போகாட் தன் கேல் ரத்னா, அர்ஜுனா விருதுகளைத் தில்லியின் கர்த்தவ்யப் பாதை நடைமேடையில் வைத்துவிட்டுத் திரும்பினார். கொடுத்தவர்கள் அவற்றை இன்னொரு விழாவில் இன்னொருவருக்குக் கொடுத்திருப்பார்கள். பயிற்சியாளர்களுக்கான நம் தேசிய விருதின் பெயர் துரோணாச்சாரியார் விருது, 1985இலிருந்து. ஏகலைவனின் கட்டைவிரலைக் கேட்டு வாங்கியவர் பெயரில்தான் பயிற்சிக்கு மரியாதை செய்கிறோம். இதைப் பலர் எழுதிவிட்டார்கள். நானும் எழுதி வைக்கிறேன்.

அந்தப் போராட்டத்தின்போது எனக்கு அதிகம் வலித்தது பி.டி. உஷாவின் பேச்சு. 1984 லாஸ் ஏஞ்சல்ஸில் நூறில் ஒரு விநாடியில் வெண்கலத்தை இழந்தவர். என் தலைமுறைப் பெண்கள் ஓடியதெல்லாம் அவர் பெயரைச் சொல்லித்தான். 2022 டிசம்பரில் இந்திய ஒலிம்பிக் சங்கத்தின் முதல் பெண் தலைவரானார். நான்கே மாதத்தில், தெருவில் உட்கார்ந்த பெண்களின் செயல் ஒழுங்கீனம் என்றும் நாட்டின் பெயருக்குக் களங்கம் என்றும் சொன்னார். சில நாட்களில் அவரே அங்கு போய்ப் பார்த்தார் என்பதும் உண்மை. உஷாவைத் திட்டுவது எளிது, ஆண்களுக்கு மிகவும் பிடித்த வேலையும்கூட. நான் அதைச் செய்யப் போவதில்லை. பெண்ணை மேடைக்கு அழைத்துக் கௌரவிக்கும் அமைப்புகள், கூடவே ஒரு நிபந்தனையையும் மடித்துக் கொடுக்கின்றன என்பதைத்தான் சொல்ல வருகிறேன். மரியாதை கிடைத்தவள் இனி ஒழுங்கின் பக்கம் நிற்க வேண்டும் என்பது அந்த நிபந்தனை.

பெண்களுக்குத் தனி விருது வைத்துவிடலாம் என்பது இப்போது எங்கும் கேட்கும் தீர்வு. மார்ச் 8 அன்று கோலப்போட்டிக்கும் சமையல் போட்டிக்கும் நடுவில் ஒரு ‘சாதனைப் பெண்மணி’ விருது. பிரதான விழாவில் ஆண்கள் சாதனையாளர்கள், மகளிர் தினத்தில் பெண்கள் சாதனைப் பெண்மணிகள். வேண்டாம். ஓடும் தடம் ஒன்றுதான், அதே சிண்டர் மண்ணைத்தான் எல்லோரும் மிதித்தோம்.

தனியாக வைப்பதிலும் சேர்த்து வைப்பதிலும் பெண்கள் எப்படி இழக்கிறார்கள் என்பதற்கு அமெரிக்கா ஒரு பாடம். நம் உடற்கல்விக்கும் அங்கே ஒரு வேர் உண்டு. ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த ஹாரி குரோ பக்தான் 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பெண்களுக்கான உடற்கல்வித் துறைகள் நெடுங்காலம் தனியாக இருந்தன. பெண்களே தலைமை ஏற்று நடத்தினார்கள். 1972இல் பாலினப் பாகுபாட்டைத் தடைசெய்யும் ‘டைட்டில் நைன்’ சட்டம் வந்தது. விளையாடும் பெண்களின் எண்ணிக்கை பல மடங்கு பெருகியது, பணமும் வந்தது. துறைகள் ஒன்றாக்கப்பட்டன. ஒன்றான துறைக்குத் தலைவர் பெரும்பாலும் ஆணாக இருந்தார். 1972இல் கல்லூரிப் பெண்கள் அணிகளில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டவற்றுக்குப் பெண்களே பயிற்சியாளர்கள். இன்று அது பாதிக்கும் கீழே. சம்பளம் வந்ததும் அந்த வேலைக்கு ஆண்கள் வந்தார்கள். சட்டம் தவறல்ல. அதிகாரத்தை யார் கையில் விட்டோம் என்பதைக் கவனிக்காமல் விட்டதன் விளைவு.

இனி, எந்தப் பட்டியலிலும் நான் பார்த்திராத ஒருவரைப் பற்றி: அரசுப் பள்ளியின் பி.டி. டீச்சர். உடற்கல்வித் துறைகளில் படித்து வெளியேறும் பெண்களில் வேலை கிடைத்தவர்கள் பெரும்பாலும் போய்ச் சேர்வது இங்கேதான். துறையின் மிகப்பெரிய விளைச்சல் இவர்கள். துறைக்கு இவர்கள் சாதனையாளர்களாகத் தெரிவதில்லை.

அவர் என்ன செய்கிறார்? காலைக் கூட்டத்தில் விசில் ஊதி வரிசை சரிசெய்கிறார். தலைமையாசிரியருக்கு அவர் ஒரு போலீஸ்காரர். அரையாண்டுத் தேர்வு நெருங்கினால் அவருடைய பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்குவார், திருப்பித் தந்ததாகச் சரித்திரம் இல்லை. சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டோ, சுடிதாருக்கு மேல் கோட்டுப் போட்டுக்கொண்டோ வெயிலில் நின்று ஓடக் கற்றுத் தருகிறார். அவருடைய கைப்பையில் விசிலோடு நாப்கின் பொட்டலமும், சேஃப்டி பின்னும், குளுக்கோஸும் இருக்கும். போட்டிக்குப் பெண்களை அழைத்துப் போக முந்தின வாரமே வீடு வீடாகப் போவார். “நான் கூட்டிட்டுப் போறேன், நானே கொண்டுவந்து விடுறேன், பொழுது சாயறதுக்குள்ள வந்துரும் புள்ள” என்று அப்பாவிடம், பாட்டியிடம், சில வீடுகளில் அண்ணனிடம் கெஞ்சுவார். பயணப்படி வருவதற்குள் அடுத்த ஆண்டுப் போட்டி வந்துவிடும். சாப்பாடு இவர் காசில்தான். போட்டி நடக்கும் மைதானத்தில் பெண்களுக்குக் கழிப்பறை இருக்காது அல்லது பூட்டியிருக்கும். வெயிலில் ஓட வேண்டிய பிள்ளைகள் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருப்பார்கள். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, “பிள்ளைங்க கொஞ்சம் போய்ட்டு வந்துரட்டும்மா” என்று கேட்பதும் பி.டி. டீச்சர்தான். வயதுக்கு வந்த பெண்ணை விளையாட அனுப்ப மாட்டோம் என்று சொல்லும் வீட்டில், அதாவது இற்செறிப்பு இன்றும் நடக்கும் வீட்டில், கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பவர் அவர்.

டோக்கியோ ஒலிம்பிக்கில் கலப்புத் தொடர் ஓட்டத்தில் ஓடிய மதுரை சக்கிமங்கலத்து ரேவதி வீரமணி, பெற்றோரை இழந்து பாட்டியிடம் வளர்ந்தவர். முதலில் வெறுங்காலில்தான் ஓடினார். அந்தப் பாட்டி, பெண்பிள்ளையை ஏன் ஓடவிடுகிறாய் என்று கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்லிச் சொல்லித்தான் பேத்தியை அனுப்பினார். ஒலிம்பிக்கில் ஓடும் ஒவ்வொரு பெண்ணுக்குப் பின்னாலும் இப்படி இரண்டு மூன்று பெண்கள் நிற்கிறார்கள். அவர்களில் ஒருத்தியாவது உங்கள் துறையில் பட்டயமோ பட்டமோ வாங்கியவளாக இருப்பாள். அவள் பெயரைக் கண்டுபிடியுங்கள்.

என்ன செய்ய வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் எழுத்தில் கொடுத்தது இவ்வளவுதான். ‘தற்போதைய பதவி’ என்ற கட்டத்தை எடுத்துவிடுங்கள், வேண்டுமானால் கடைசியில் வையுங்கள். ஓடிய காலத்துப் பெயரால் தேடுங்கள், அந்தப் பெயராலேயே மேடையில் அழையுங்கள். துணைக்கு ஒருவர் வரவும், கைக்குழந்தை இருந்தால் தூக்கிவரவும் சேர்த்துப் பயணச்செலவு கொடுங்கள். கூலி வேலைக்குப் போகிறவர் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு உங்கள் பொன்னாடைக்கு வர முடியாது, அந்தக் கூலியையும் கொடுங்கள். ஒவ்வொரு ஆண்டும் பட்டியலில் பாதி பள்ளி ஆசிரியைகளாக இருக்கட்டும். புகார்க் கட்டம் வையுங்கள். மடலை எழுதும் முன் அவரிடமே பேச எனக்கு நேரம் கொடுங்கள். கடைசிக் கோரிக்கையை மட்டும் ஏற்றுக்கொண்டார்கள், செலவில்லை என்பதால்.

பேச வேண்டுமென்றால் முதலில் ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும். விளையாட்டுப் பொருள் அறையில், காற்றுப்போன பந்துகளுக்கும் துருப்பிடித்த தடைகளுக்கும் பின்னால் பழைய பதிவேடுகள் இருந்தன. 1990களின் பல்கலைக்கழக அணித் தேர்வுக் குறிப்புகள். பெயர், பிரிவு, முதல் முயற்சி, இரண்டாம் முயற்சி, மூன்றாம் முயற்சி. அழகான கையெழுத்து. நானூறு மீட்டர், எண்ணூறு மீட்டர், ஈட்டி, குண்டு. விடுதிச் சேர்க்கைப் பேரேட்டில் அதே பெயர்களுக்கு அப்பா பெயரும் ஊரும் இருந்தன. ஊர்ப்பெயரும் அஞ்சலும் மட்டும் போட்டு நாற்பது கடிதங்கள் அனுப்பினேன். பாதி திரும்பி வந்துவிட்டன. ஒன்றிற்கு அண்ணன் பதில் எழுதியிருந்தார், தங்கை இறந்து ஒன்பது வருடம் ஆகிறது என்று. எதனால் என்று எழுதவில்லை.

ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். கடிதத்தை அவருடைய தம்பி படித்துக் காட்டினாராம். விழா எப்போது, என்ன தருவார்கள் என்றெல்லாம் அவர் கேட்கவில்லை. “மேடம், அந்த இன்டர்-யுனிவர்சிட்டி சர்டிபிகேட்டு நகல் கிடைக்குமா? என்னோடது வெள்ளத்துல போயிருச்சு. புள்ளைக்குக் காட்டணும்னு இருக்கு, நான் ஓடினேன்னு சொன்னா சிரிக்குது” என்றார். அலுவலகத்தில் கேட்டேன். இரண்டாம் படிச் சான்றிதழுக்குக் காவல்நிலையத்தில் புகார் கொடுத்த ரசீது வேண்டும், உறுதிமொழிப் பத்திரம் வேண்டும், விண்ணப்பத்தில் இருக்கும் பெயரும் தலைப்பெழுத்தும் ஆதார் அட்டையோடு பொருந்த வேண்டும் என்றார்கள். பொருந்தாது. பதிவேட்டின் அந்தப் பக்கத்தைப் படியெடுத்து, துறைத் தலைவரிடம் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிப் பதிவு அஞ்சலில் அனுப்பியிருக்கிறேன். தேர்வு நாளன்று அவர் எண்ணூறு மீட்டரை ஓடி முடித்த நேரம் அதில் இருக்கிறது, பத்தில் ஒரு பங்கு விநாடி வரை.